பல குரல்கள், ஓர் உலகம்: ஒரு மறுவாசிப்பு

யுனெஸ்கோ நிறுவனம் 1980-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பல குரல்கள், ஓர் உலகம்’ என்னும் அறிக்கையைச் சமூகத் தொடர்பு பற்றிப் பேசுவோர் பலரும் பெயர் சொல்லிப் போற்றுவர். எடுத்துப் படிப்போர் சிலரே. குழுத்தலைவரின் பெயரால் ‘மேக்பிரைட் அறிக்கை’ என்று ஒருமுறை குறிப்பிட்டுவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுவது கருத்தரங்குகளின் வழக்கமாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட நிலையில் அதனை மீண்டும் படிக்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டும் என்பதே நம் கருத்து. தகவல் பெறும் உரிமை இன்று நம் நாட்டில் சட்டமாகியுள்ளது. அந்த உரிமைக்குத் தாயாக அமைந்த மற்றொரு பெரிய உரிமையைக் குறித்து அந்த அறிக்கை பேசியது. மகளைக் கண்டு மகிழ்ந்த நாம் தாயை மறந்துவிட்டோமோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

1976-இல் நைரோபியில் கூடிய யுனெஸ்கோ பொதுமாநாட்டில் ஒரு பெரும் பூசல் எழுந்தது. உலகச் செய்திகளில் பெரும்பகுதியை மேலைநாடுகளைச் சார்ந்த நான்கு செய்தி நிறுவனங்களே திரட்டி அனுப்பின. ஆப்பிரிக்க நாடொன்றில் நடந்ததை அதன் அண்டைநாடு அறிய வேண்டுமானால், செய்தி லண்டனுக்கோ பாரிசுக்கோ சென்று திரும்பி வரவேண்டும். அவ்வாறு வருங்கால் அது பெரும்பாலும் பஞ்சம், புரட்சி, வெள்ளம் ஆகியவற்றின் செய்தியாகவே வந்தது. இதனை விடுதலை பெற்ற புதிய நாடுகள் எதிர்த்தன. அப்பூசலைத் தீர்க்கவே, 1977-இல் பதினாறு பேர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது.

அக்குழுவின் பெயர்ப்பட்டியலே ஒரு நாவலுக்குரிய பாத்திரப் பட்டியல்போல் இருக்கிறது. தலைவர் அயர்லாந்தின் ஷான் மேக்பிரைட். 1916-ஆம் ஆண்டு எழுச்சிக்காக ஆங்கிலேயரால் சுட்டுக்கொல்லப்பட்ட ஒருவரின் மகன். இளமையில் ஆயுதம் தாங்கியவர். பின்னர்த் தம் நாட்டின் வெளியுறவு அமைச்சர். ஆம்னெஸ்டி இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1974-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவரோடு, கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், பிரான்சின் ‘லெ மோந்த்’ நாளிதழை நிறுவிய பெவ்-மெரி, சோவியத் அரசுச் செய்தி நிறுவனமான தாஸின் லோசெவ், சுகர்னோவின் ஆட்சியில் பல்லாண்டுகள் சிறையிருந்த இந்தோனேசியப் பத்திரிகையாளர் மோக்தார் லூபிஸ் ஆகியோரும் இருந்தனர். செய்தித்துறை அமைச்சராக இருந்த ஒருவரும், செய்தி எழுதியதற்காகச் சிறையிருந்த ஒருவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து கருத்துரிமையைப் பற்றி விவாதித்தனர். பதினாறு பேரில் பெண் ஒருவரே: கனடாவின் பெட்டி சிம்மர்மன். அவரும், நோயுற்ற மார்ஷல் மெக்லூஹனுக்கு மாற்றாக வந்தவர்.

இந்தியாவிலிருந்து சென்றவர் பி. ஜி. வர்கீஸ். இவரைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தபோது, 1969-இல் இவர் ஒரு புதுமையைச் செய்தார். தில்லிக்கு அருகே அரியானாவிலுள்ள சாத்தேரா என்னும் ஒரு சாதாரணச் சிற்றூரைத் தெரிந்தெடுத்து, ‘எங்கள் ஊர் சாத்தேரா’ என்று தலைப்பிட்டு, அவ்வூரின் வாழ்வைத் தலைநகரின் ஆங்கில நாளிதழில் தொடர்ந்து வெளியிட்டார். அங்கே கொலையோ கலவரமோ நடந்ததற்காக அன்று. கிணறும் பயிரும் கடனும் திருமணமுமாக ஓர் ஊர் வாழ்கிறது, அதுவே செய்தி என்பதற்காக. அத்தகைய ஆசிரியர் 1975-இல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பெரிய நாடுகள் சிறிய நாடுகளின் செய்தியை விழுங்குகின்றன என்று உலக அரங்கில் எழுந்த அதே முறையீட்டை, சாத்தேராவைப் போன்ற ஊர் ஒன்று தில்லியை நோக்கியும் எழுப்பலாம் அல்லவா? அறிக்கையைப் படிக்குந்தோறும் இவ்வினா நம் மனத்தில் எழுகிறது.

இனி நூலுக்குள் புகுவோம். எண்பத்திரண்டு பரிந்துரைகளோடு முடியும் இவ்வறிக்கையின் தலையாய கருத்து, மக்களாட்சியில் குடிமகனின் தொடர்புத் தேவைகளைப் பழைய கருத்துரிமை மட்டும் நிறைவு செய்யாது என்பதாகும். தெரிந்துகொள்ளும் உரிமை, தெரிவிக்கும் உரிமை, தனிவாழ்வின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை, பொதுத் தொடர்பில் பங்குகொள்ளும் உரிமை ஆகிய யாவும் ஒரு புதிய உரிமையின் கூறுகள் என்றும், அதுவே ‘தொடர்பு கொள்ளும் உரிமை’ என்றும் அறிக்கை முன்மொழிகிறது. இச்சொல்லாட்சியை முதலில் வழங்கியவர் பிரெஞ்சுத் தொலைக்காட்சித் துறையின் ஜான் தார்சி, ஆண்டு 1969. 1948-இன் அனைத்துலக மனித உரிமை அறிக்கை, தன் 19-ஆம் பிரிவில் கருத்தைத் தேடவும் பெறவும் வழங்கவும் உரிமை உண்டெனக் கூறியது. (நம் அரசியலமைப்பிலும் கருத்துரிமைக்குரிய பிரிவு 19-தான், 1966-இன் அனைத்துலக உடன்படிக்கையிலும் 19-தான். எண்களில் மறைபொருள் காண விரும்புவோர்க்கு இது நல்ல தீனி.) ஆயினும் அவ்வுரிமை, அச்சகம் உடையவனும் வானொலி நிலையம் உடையவனும் பேச, ஏனையோர் கேட்கும் காலத்தில் பிறந்த உரிமை. பேச்சு என்பது இருவர் வினை. ஒருவர் கொட்ட மற்றவர் ஏந்துவதை உரையாடல் என்று அழைக்கலாகாது என்று தார்சி கண்டார். அறிக்கை அதனை ஏற்று, உலக ஆவணமொன்றில் இடம்பெறச் செய்தது. இதுவே இந்நூலின் நிலையான பெருமை.

இப்பெருமையைச் சொல்லிவிட்ட பின், குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, நடை. ஒவ்வொரு வாக்கியமும் பதினாறு பேரின் ஒப்புதலைப் பெற்று வந்திருப்பதால், எவரையும் புண்படுத்தாத, ஆதலால் எவரையும் தொடாத மொழி நூல் முழுதும் பரவிக்கிடக்கிறது. உயிருள்ள எழுத்து வேண்டுவோர் அடிக்குறிப்புகளையும் பின்னிணைப்பையுமே நாட வேண்டும். அங்கேதான் உறுப்பினர் தத்தம் மாற்றுக் கருத்துகளைப் பதிவு செய்துள்ளனர். தொழில்நுட்பமே தீர்வு என்று மயங்கிவிடக் கூடாது. பணமும் பயிற்சியும் கொட்டிக்கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடாது என்று கார்சியா மார்க்கேஸும் சீலேயின் ஹுவான் சொமாவியாவும் அங்கே எச்சரித்தனர். நூலின் கூர்மையான கருத்து நூலின் வாசலுக்கு வெளியே நிற்பது விந்தையே.

இரண்டாவது குறை பெரிது. ‘பல குரல்கள்’ என்னும் தலைப்பைக் காணும் கிறிஸ்தவ வாசகர்க்குப் பெந்தக்கோஸ்து நாள் நினைவுக்கு வராமல் இராது. அந்நாளில் பார்த்தரும் மேதியரும் எலாமியரும் தத்தம் மொழியிலேயே கேட்டனர்; கூடியிருந்த ஒவ்வொருவரும் கேட்டனர் என்பதே அங்குக் கருத்து. அறிக்கையிலோ, குரல் என்பது பெரும்பாலும் நாட்டின் குரலாகிவிடுகிறது. நாடு பேசும்போது பேசுவது யார்? அந்நாட்டின் அரசு. அறிக்கை சனநாயகத் தொடர்பைப் பற்றி ஓர் அதிகாரம் முழுதும் பேசினாலும், அதைக் கையிலேந்தி முழங்கிய அரசுகள் பலவும் தம் நாட்டுக்குள் இதழ்களின் வாயைக் கட்டியவை. நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1975-ஆம் ஆண்டு தொடக்கத்தில், ராஜ் நாராயண் வழக்கில் நீதியரசர் கே. கே. மேத்யூ, அரசு அலுவலர் பொதுவில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டெனத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, தில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் இருந்த தெருவுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது, தணிக்கை வந்தது. அந்நாள்களிலேதான் அணிசேரா நாடுகள் தங்களுக்கென ஒரு செய்திக் கூட்டமைப்பை உருவாக்கின. 1976-இல் தில்லியிலும் அதற்கெனக் கூடிப் பேசின. வெளியே செய்தி விடுதலை வேண்டும், உள்ளே வேண்டா!

மேலைநாடுகள் இதனையே பிடித்துக்கொண்டன. இந்த அறிக்கையும் இதனையொட்டிய ‘புதிய செய்தி ஒழுங்கும்’ அரசுக் கட்டுப்பாட்டுக்கு வழி வகுக்கும் என்றன. இப்பூசலும் ஒரு காரணமாக, 1984-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவும் மறு ஆண்டு பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டு வெளியேறின. இக்குற்றச்சாட்டு பாதி உண்மை என்பது நம் மதிப்பீடு. பத்திரிகையாளர்க்கு உரிமச்சீட்டு வழங்கும் முறையை அறிக்கை பரிந்துரைக்கவில்லை. அதன் ஆபத்தை உணர்ந்தே இருந்தது. அறிக்கை சொல்லாததை அதன்மேல் ஏற்றியவர்கள், சொன்னதை, அதாவது சிலரிடம் குவிந்துள்ள செய்தி உடைமையும் ஓர் அடக்குமுறையே என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரு தரப்பும் சேர்ந்து ஒரு நல்ல வினாவைப் புதைத்துவிட்டன.

அவ்வினாவைத் தோண்டியெடுத்தவர்கள் இராஜஸ்தானத்தின் கூலித் தொழிலாளர். மேக்பிரைட் அறிக்கையை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் தொழிலாளரோடும் உழவரோடும் சேர்ந்து 1990-ஆம் ஆண்டு மே முதல் நாள் உருவாக்கிய ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்’ என்னும் அமைப்பு, வறட்சி நிவாரண வேலைகளில் முழுக்கூலி கிடைக்காதோர்க்காகப் போராடியது. கூலி கேட்டபோது, ‘நீங்கள் வேலை செய்யவில்லை, ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்னும் விடையே வந்தது. ஏட்டைக் காட்டுங்கள் என்றபோது, அது அரசு இரகசியம் என்றனர். பசிக்கும் வயிற்றுக்கும் மஸ்டர் ரோல் என்னும் அந்த ஏட்டுக்கும் உள்ள உறவை அன்று அம்மக்கள் கண்டுகொண்டனர். கருத்துரிமை என்பது படித்தவர்களின் ஆடம்பரம், ஏழைக்கு வேண்டுவது சோறு என்று நம்மிடையே பேசுவோர் உண்டு. அவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் முதலாவது ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கிடைத்த கணக்குகள் ஊர் நடுவே ஒலிபெருக்கியில் உரக்க வாசிக்கப்பட்டன. பெயர் பெயராக, தொகை தொகையாக வாசிக்க, கேட்டிருந்தோர் எழுந்து, தாம் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றும், தமக்கு அந்தத் தொகை வரவே இல்லை என்றும் சொன்னார்கள். இவ்வாறு தொடர்ந்த விசாரணைகளில், இறந்தவர் பெயரில் கூலி எழுதப்பட்டதும் முடியாத வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டதும் வெளிப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதோரின் நினைவு, எழுதப்பட்ட பொய்யைத் திருத்தியது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் அவர்கள் நாற்பது நாள் தர்ணா அமர்ந்தார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்களின் முழக்கம். எண்பத்திரண்டு பரிந்துரைகள் சொல்ல முயன்றதை அது நான்கு சொற்களில் சொல்லிவிட்டது.

இப்போராட்டங்களின் விளைவாகவே 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அக்டோபர் 12 முதல் நடைமுறையானது. அதற்கு முன்பே, 1997-இல், நம் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதன்முதலாக இப்பொருளில் ஒரு சட்டம் இயற்றிய பெருமைக்குரியது. எனினும் அதில் விதிவிலக்குகள் மிகப் பல. கதவைத் திறந்து கையாலேயே மறைத்துக்கொண்டு நின்றது எனலாம். 2005-இன் சட்டத்தை ஓர் இலக்கியப் பனுவலாகவே நாம் படிக்கலாம். விண்ணப்பதாரர் தாம் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அதன் ஆறாம் பிரிவு கூறுகிறது. அலுவலகச் சன்னல்களின்முன் நின்று பழகியவர்க்கு இவ்வரியின் பொருள் விளங்கும். ‘உனக்கு எதற்கு இது?’ என்னும் கேள்வியே அங்கே ஏழையை முதலில் வரவேற்பது. அக்கேள்வியை ஒரு வரி அகற்றிவிட்டது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதனை எழுத்தில் கொண்டுவர அலுவலர் உதவ வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவரிடம் கட்டணம் பெறக் கூடாது. முப்பது நாளில் விடை தர வேண்டும். உயிரையோ விடுதலையையோ பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தர வேண்டும். அரசு குடிமகனிடம் இவ்வளவு பணிவாகப் பேசும் வேறொரு சட்டத்தை நாம் அறியோம்.

அந்தப் பணிவு தேய்ந்து வருவதுதான் இன்றைய கவலை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் நடுவண் அரசே வரையறுக்கும் நிலையைக் கொணர்ந்தது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஆழமாக வெட்டியுள்ளது. முன்னைய சட்டத்தில், பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிநபர் விவரமும், அந்தரங்கத்தில் தகாத முறையில் தலையிடும் விவரமும் மட்டுமே மறுக்கப்படலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை எந்தக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்னும் அரிய வாசகமும் உடன் இருந்தது. புதிய சட்டம் அவ்வளவையும் நீக்கி, தனிநபர் விவரம் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அரசு காரணம் காட்டுகிறது. பொதுநலன் மிகுந்திருப்பின் வழங்கலாம் என்னும் பொதுவான பிரிவு இன்னும் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் மஸ்டர் ரோலில் இருப்பவை பெயர்களே. ரசீதில் இருப்பது ஒருவரின் கையொப்பமே. பெயரில்லாத கணக்கைக் கோட் கிரானாவில் எப்படி வாசித்திருக்க முடியும்? தெரிந்துகொள்ளும் உரிமையையும் அந்தரங்க உரிமையையும் மேக்பிரைட் குழு ஒரே குடும்பத்து உறுப்பினராக வைத்தது. அவை தம்முள் மோதுங்கால் என் செய்வது என்பதை அது ஆழ்ந்து சொல்லவில்லை. இன்று அந்த இடைவெளியில்தான் வழக்கு நிற்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்சிகளுக்குக் கொடையளிப்போரின் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வாக்காளரின் அறியும் உரிமைக்கு எதிரானது என்று கூறித் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே பெயர்கள் வெளியாயின. உரிமை செத்துவிடவில்லை.

இருப்பினும், தகவல் வேறு, தொடர்பு வேறு. விண்ணப்பம் போட்டு முப்பது நாளில் ஒரு தாளைப் பெறுவது தகவல். அத்தாளைப் பலர் நடுவே வாசித்து, கேட்டவர் எழுந்து மறுமொழி சொல்ல, கணக்கு எழுதியவரும் அங்கிருந்து விடையளிப்பது தொடர்பு. நம் தகவல் சட்டம் முன்னதைத் தந்தது; பின்னதை அது தரவில்லை. கைபேசி வந்தபின் எல்லாருக்கும் குரல் கிடைத்துவிட்டதே எனலாம். கிடைத்தது உண்மை. அக்குரல்கள் ஓடும் வாய்க்கால்களோ சில பெருநிறுவனங்களின் உடைமை. மடையை அடைக்கும் கை அரசினுடையது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்திலும், 2023 மே முதல் பல மாதம் மணிப்பூரிலும் இணையம் நிறுத்தப்பட்டது. காலவரையற்ற நிறுத்தம் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியும், அதற்குப் பின்பே மணிப்பூர் நேர்ந்தது. தொழில்நுட்பத்தைப் போற்றாதீர் என்று பின்னிணைப்பில் எழுதிய அந்த இருவரையும் இங்கே மீண்டும் நினைக்கிறோம்.

இறுதியாக நம் வீட்டுக்குள்ளும் வருவோம். பிறர் ஆவணத்தைத் திறனாய்ந்துவிட்டு நம்முடையதைத் தொடாமல் விடுவது முறையன்று. திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான், 1963 ஏப்ரலில் வெளியிட்ட ‘பாச்செம் இன் தெரிஸ்’ சுற்றுமடலில், பொது நிகழ்வுகளைப் பற்றி உண்மையான செய்தி பெறுவதை மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணினார். அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை ஏற்றபோது, எதிராக 164 வாக்குகள் விழுந்தன. சங்க ஏடுகளுள் அது மெலிந்தது என்பது அன்றே பலர் கருத்து. நம் கருத்தும் அதுவே. உரிமையை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, கடமைகளையும் எச்சரிக்கைகளையும் பல மூச்சில் சொல்கிறது. அவ்வாணையின் வேண்டுகோளால் 1971-இல் பிறந்த ‘கொம்யூனியோ எத் புரோக்ரெசியோ’ என்னும் அருள்பணி ஏடோ தாயை விஞ்சிய மகள். திருச்சபைக்குள்ளேயும் பொதுக்கருத்து வேண்டும் என்கிறது அது. பொறுப்பிலுள்ளோர் செய்தி தர மறுத்தால் வதந்தி பெருகும் என்கிறது. இரகசியம் என்பது தனிமனிதரின் நற்பெயரையும் மக்களின் உரிமைகளையும் தொடும் செய்திகளுக்கு மட்டுமே உரியது என்று எல்லை கட்டுகிறது. 2005-இன் சட்டம் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வகுத்த எல்லைக்கு இது மிக அருகில் நிற்பதை வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதனை விதியாகவும் ஆக்கியுள்ளது. பொதுநிலையினர் தம் கருத்தை ஆயர்களிடமும் குருக்களிடமும் தெரிவிக்கும் உரிமையை 212-ஆம் விதி கூறுகிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 537-ஆம் விதி கூறுகிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287-ஆம் விதி கூறுகிறது. நம் பங்குகள் பலவற்றில் ஆண்டுக் கணக்கு, திருப்பலி முடிவில் மற்ற அறிவிப்புகளோடு, திருமண ஓலைக்கும் அன்பியக் கூட்ட அறிவிப்புக்கும் இடையே, இரண்டு நிமிடத்தில் வாசிக்கப்பட்டு முடிகிறது. கேட்போர் கதவை நோக்கித் திரும்பியிருப்பர். வாசித்ததால் விதி நிறைவேறியது என்று வைத்துக்கொள்ளலாம். கோட் கிரானாவிலும் வாசிக்கத்தான் செய்தார்கள்; ஆனால் வாசித்தபின் ஒலிபெருக்கியைக் கூட்டத்தாரிடம் கொடுத்தார்கள். நம் கோவில்களில் அதனைக் கொடுக்கத் தடையாயிருப்பது எது என்பதைப் பங்குப் பேரவைகளே பேசட்டும். 1971-இன் ஏடு இரகசியத்துக்கு வகுத்த எல்லைக்குள் கோவில் கூரை வேலையின் ரசீது அடங்காது என்பதை மட்டும் நாம் இங்கே குறித்து வைக்கிறோம்.